ஒபிஸ் இல்லாத சின்னக் கம்பனி: காபனை எங்க இருந்து குறைக்கத் தொடங்குறது?

அலைவரிசை (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். நான் வேலை செய்யிறது ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில. பதினாலு பேர். 2022இல பெற்றோல் வரிசையும் கரண்ட் கட்டுமா இருந்த நேரம் கொள்ளுப்பிட்டி ஒபிஸைத் திருப்பிக் குடுத்திட்டு வீட்டில இருந்து வேலை செய்யத் தொடங்கினம். அதுக்குப் பிறகு ஒபிஸ் எடுக்கவே இல்லை. இப்ப ஏழு பேர் கொழும்புப் பக்கம், நாலு பேர் யாழ்ப்பாணம், ரெண்டு பேர் மட்டக்களப்பு, ஒராள் ஹட்டன்.

எங்கட பெரிய கிளையன்ட் பிரித்தானியாவில. அங்க மத்திய அரசாங்கத்தின்ர பெரிய ஒப்பந்தங்களுக்கு, அதாவது வருசம் 50 இலட்சம் பவுணுக்கு மேல போறதுகளுக்கு, 2021இல இருந்து காபன் குறைப்புத் திட்டம் ஒண்டு காட்டவேணும். அவை அப்பிடியான ஒப்பந்தம் எடுக்கிற ஆக்கள். அதால தங்களுக்கு வேலை செய்து குடுக்கிற எங்களிட்டயும் இப்ப கேக்கினம். ஒரு எக்செல் தாள் அனுப்பியிருக்கினம். அதில வீட்டைச் சூடாக்கிற எரிவாயுவுக்கு ஒரு நிரல் இருக்கு. ஏசிக்கு ஒண்டும் இல்லை.

தாளை நிரப்பிக் குடுக்கிறது பெரிய வேலையில்லை. ஆனா எனக்கு உண்மையா குறைக்கவேணும். கொழும்பில இருந்து இதைச் செய்து பாத்த ஆக்கள் இருந்தா, எதில கை வைச்சா பலன், எதில நேரம் வீண் எண்டு சொல்லுங்கோ.

தாள்_எண்ணி (கொட்டாஞ்சேனை)

நான் கணக்காய்வுத் துறையில் இருக்கிறேன். முதலில் தாளைப் பற்றி.

உலகம் முழுக்கப் பாவிக்கும் ஜிஎச்ஜி புரோட்டகோல் (பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிடும் நியமம்) முறையில் வெளியேற்றத்தை மூன்று ஸ்கோப்பாகப் பிரிப்பார்கள். நீங்களே எரிக்கும் எரிபொருள் முதலாவது. நீங்கள் வாங்கும் மின்சாரம் இரண்டாவது. உங்கள் வேலைக்காக மற்றவர்கள் கையில் நடக்கும் மீதி எல்லாம் மூன்றாவது. உங்களுக்குக் கட்டடமும் இல்லை, வாகனமும் இல்லை. ஆகவே முதல் இரண்டும் பூச்சியம். பல சின்னக் கம்பனிகள் இங்கேயே நின்று "எங்கள் வெளியேற்றம் பூச்சியம்" என்று இணையத்தளத்தில் போட்டுவிடுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்சாரம் எங்கும் போய்விடவில்லை. கம்பனியின் பில்லில் இருந்தது உங்கள் ஊழியர்களின் வீட்டுப் பில்லுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது ஸ்கோப்பில் 15 வகை உண்டு. ஏழாவது வகை வேலைக்கு வந்து போகும் பயணம். வீட்டிலிருந்து வேலை செய்யும் மின்சாரத்தையும் அதற்குள் சேர்க்கலாம் என்று அந்த நியமமே சொல்கிறது. ஆறாவது வகை அலுவல் பயணம். முதலாவதும் இரண்டாவதும் நீங்கள் வாங்கும் சேவைகளும் உபகரணங்களும். உங்கள் கதை முழுவதும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

ஒரு கேள்வி: முதலாளி வருசத்தில் எத்தனை தரம் லண்டன் போகிறார்?

சுவிட்ச்போர்ட் (தெஹிவளை)

நான் மின்பொறியியல் பக்கம். கொஞ்சம் பெருக்கிப் பாப்பம் தங்கச்சி.

லப்டொப், கூட ஒரு மொனிட்டர், ரவுட்டர், ஒரு சீலிங் ஃபேன். எல்லாம் சேத்து 150 வாற்று எண்டு வையுங்கோ. எட்டு மணித்தியாலத்துக்கு 1.2 யூனிட். இப்ப அந்த அறையில 12,000 பிடியூ பழைய ஏசி ஒண்டு ஓடுது எண்டு வைப்பம். கொம்பிரசர் விட்டு விட்டு ஓடினாலும் ஆறு யூனிட் போகும். அதாவது வேலை செய்யிற சாமான் எல்லாம் சேந்து இழுக்கிறதின்ர அஞ்சு மடங்கை ஏசி தனியா இழுக்குது.

இலங்கையில ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு எண்டது வருசத்துக்கு வருசம் மாறும். மழை நல்லாப் பெய்து நீர்த்தேக்கம் நிரம்பின வருசம் குறையும். வரட்சி வந்தா நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும்தான் தாங்கும், அப்ப கூடும். நிலைபெறுதகு வலு அதிகாரசபை வெளியிடுற எண்ணை எடுத்துத் தாளில போடுங்கோ. மனக்கணக்குக்கு அரைக் கிலோ எண்டு வைச்சா, ஏசி போடுற ஆளுக்கு வருசம் 800 கிலோ அளவில வரும். ஏசி இல்லாத ஆளுக்கு 150 கிலோ.

அதால "மீட்டிங்கில கமராவை நிப்பாட்டுங்கோ, காபன் குறையும்" எண்டு வாற அறிவுரைகளை ஒதுக்கி வையுங்கோ. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின்ர கணக்குப்படி ஒரு மணித்தியாலம் வீடியோ பாக்கிறதுக்கே 36 கிராம் அளவுதான். ஒரு ஏசியை பத்து நிமிசம் முந்தி நிப்பாட்டினா அதைவிடக் கூட மிஞ்சும். மனுசரின்ர முகத்தைப் பாத்துக் கதைக்கிறது தூர தூர இருக்கிற உங்களுக்குத் தேவையான ஒண்டு. அதை விட்டுக்குடுக்க வேண்டாம்.

மொறட்டுவை_மாணவன்

அண்ணா, ஆனால் இவங்கள் எல்லாரும் வேலைக்குப் போய் வாறதை நிப்பாட்டிட்டாங்களே. அதில் மிஞ்சினது ஏசியை விடக் கூட இருக்காதா?

சுவிட்ச்போர்ட் (தெஹிவளை)

நல்ல கேள்வி தம்பி. அது அந்த ஆள் முந்தி எதில வந்தவர் எண்டதில இருக்கு.

மொறட்டுவையில இருந்து கோட்டைக்குத் தனியா காரில வந்தவர் எண்டு எடுப்பம். போக வர 36 கிலோமீற்றர். காலி வீதி நெரிசலில லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் கிடைச்சாலே நல்லம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா 2.3 கிலோ. ஒரு நாளைக்கு எட்டுக் கிலோவுக்கு மேல. அவர் வீட்டில இருந்து நாள் முழுக்க ஏசி போட்டாலும் மூண்டு, மூண்டரைக் கிலோதான். பெரிய இலாபம்.

இனி அதே தூரத்தை 101 பஸ்ஸில வந்த பிள்ளையை எடுங்கோ. பஸ் ஒரு லீற்றர் டீசலுக்கு மூண்டரைக் கிலோமீற்றர் ஓடுது எண்டு வைச்சா, போக வர பத்து லீற்றர், 27 கிலோ. அதில அம்பது பேர் நெருக்கி நிண்டா ஆளுக்கு அரைக் கிலோ. கரையோர ரயிலில தொங்கிக்கொண்டு வந்தாலும் அதுமாதிரித்தான். அந்தப் பிள்ளை இப்ப வீட்டில தனி அறையில ஏசி போட்டு இருந்தா, முந்தி பயணத்துக்குப் போனதை விடக் கனமடங்கு கூட. ஒபிஸ் ஏசி பதினாலு பேருக்குப் பொது. வீட்டு ஏசி ஒராளுக்கு.

வெளிநாட்டுக் கட்டுரைகள் வீட்டில இருந்து வேலை செய்தாலே குறையும் எண்டு எழுதுறது காரில வாற ஊரை மனசில வைச்சு. எங்கட ஆக்களில அரைவாசிக்கு மேல பஸ்ஸும் ரயிலும். அதால உங்கட பதினாலு பேரிட்டயும் 2022க்கு முன்னம் எப்பிடி வந்தனீங்கள் எண்டு கேட்டு எழுதுங்கோ. அந்த விடை இல்லாமல் "நாங்கள் குறைச்சிட்டம்" எண்டு ஒராளும் சொல்லேலாது.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

இந்த இழையை வாசிக்க எனக்கு ஒரு பயம் வருது. அதைச் சொல்லவேணும்.

நானும் இப்பிடி ஒரு கம்பனியில கொழும்புக்கு வேலை செய்யிறன். வீடு ஓடு இல்லை, அஸ்பெஸ்டஸ் சீற். சித்திரை, வைகாசியில பின்னேரம் ரெண்டு மணிக்கு அறைக்குள்ள இருந்தா மேல இருந்து அடுப்பு வைச்ச மாதிரி இருக்கும். ஃபேன் சுத்தும், ஆனா அது கீழ தள்ளுறது சீற்றில சுட்ட காத்தைத்தான். லப்டொப்பின்ர அடிப்பக்கம் தொடேலாமல் கொதிக்கும். கை வேர்த்து விசைப்பலகை வழுக்கும். அந்த நேரம் கிளையன்ட் கோல். நான் கடன்பட்டு ஒரு ஏசி போட்டனான். கரண்ட் பில்லும் நான்தான் கட்டுறன்.

இப்ப கம்பனி வந்து "உங்கட ஏசிதான் எங்கட காபனில பெரிய பங்கு, குறையுங்கோ" எண்டா எனக்கு எப்பிடி இருக்கும்? ஒபிஸ் வாடகை, ஒபிஸ் கரண்ட், தேத்தண்ணி எல்லாம் மிச்சம் பிடிச்சது கம்பனி. குளிரில வேலை செய்யிற உரிமை ஒபிஸில இருந்த ஆளுக்கு இருந்தது. எனக்கு மட்டும் அது குற்றமா?

அலைவரிசை (வெள்ளவத்தை)

@பனங்கூடல் தம்பி, நீங்கள் இதை எழுதினது பெரிய உதவி. எங்கட யாழ்ப்பாணத்து நாலு பேரில ரெண்டு பேரின்ர நிலைமை இதேதான், அவை வாய் திறந்து சொல்ல மாட்டினம்.

ஆரிட்டயும் கரண்ட் பில் கேக்கிறதில்லை எண்டு இண்டைக்கே முடிவெடுத்திட்டன். கூட்டுக் குடும்பத்தில இருக்கிற பிள்ளைகள் இருக்கினம். பில் அப்பாவின்ர பேரில, அதில தம்பியின்ர கேம் கொம்பியூட்டரும் இருக்கும், அம்மாவின்ர பிரிஜ்ஜும் இருக்கும். அதைப் பாக்க எங்களுக்கு என்ன உரிமை? பேர் இல்லாத கேள்விக்கொத்து ஒண்டு: அறையில என்ன இருக்கு, எத்தினை மணித்தியாலம், முந்தி எப்பிடி வேலைக்கு வந்தனீங்கள். அது காணும்.

உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். கம்பனி காசு குடுத்து ஒரே ஒரு வேலை உங்கட அறையில செய்து தரலாம் எண்டா எதைக் கேப்பீங்கள்?

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

சீலிங். யோசிக்காமல் சொல்லுவன். சீற்றுக்குக் கீழ ஒரு தட்டும், அதுக்கு மேல வெக்கை தடுக்கிற விரிப்பும் போட்டா எனக்கு வருசத்தில கன மாதம் ஏசி தேவையே வராது. மேல வெள்ளைப் பெயின்ற் அடிச்சாலும் உதவும். ஏசியைக் குறைக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பாமல் இதைச் செய்து தந்தா ஆர் வேண்டாம் எண்டுறது?

குளிர்ப்பெட்டி (தெமட்டகொட)

ஏசி வேலைதான் எனக்கு. இருபது வருசத்துக்கு மேல. நீங்க எல்லாரும் கரண்டைப் பத்தியே பேசுறீங்க. கேஸைப் பத்தி யாரும் பேசல்ல.

ஏசிக்குள்ள இருக்கிற கேஸ் வெளிய போனா அது காபனீரொட்சைட்டை விடப் பல மடங்கு சூட்டைப் பிடிக்கும். ஆர்-410ஏண்ட கேஸ் ஒரு கிலோ போனா 2,088 கிலோ காபனீரொட்சைட்டு போனதுக்குச் சமம். பழைய ஆர்-22 1,810. இப்ப வர்ற ஆர்-32 675. சாதாரண வீட்டு ஏசி ஒண்டுக்குள்ள ஒரு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். மேல அண்ணன் ஏசி போடுற ஆளுக்கு வருசம் 800 கிலோண்டு கணக்குப் போட்டார்தானே? ஒரு 410ஏ மெசின் முழுக்க ஒழுகினா அந்தக் கணக்கில ரெண்டு வருசத்துக்கு மேல ஒரே நாள்ல போயிரும்.

எப்படிப் போகுதுண்டு சொல்றேன். வாடகை வீடு மாறுவாங்க. ஏசியைக் கழட்ட ஒரு பொடியனைக் கூப்பிடுவாங்க, மலிவா வர்றவனை. முறையாச் செய்றதுண்டா, மெசின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே வெளி யூனிட்ல சின்னக் குழாய் வால்வை முதல்ல மூடணும். கேஸ் எல்லாம் வெளி யூனிட்டுக்குள்ள இழுபட்ட பிறகு பெரிய குழாய் வால்வை மூடணும். அப்புறம் மெசினை நிப்பாட்டி, கழட்டணும். சில நிமிச வேலை. அந்தப் பொடியன் நட்டை அப்படியே தளர்த்துவான். ஸ்ஸ்ஸெண்டு ஒரு சத்தம், குழாய் வாயில வெள்ளையா பனி பிடிக்கும், முடிஞ்சுது. வீட்டுக்காரருக்கு அது என்னண்டே தெரியாது. புது வீட்ல திரும்ப கேஸ் நிரப்பக் காசும் வாங்குவான்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடல் பக்கத்தில இன்னொரு பிரச்சினை. உப்புக்காத்து வெளி யூனிட் கொயிலைத் தின்னும். கொஞ்சம் கொஞ்சமா ஒழுகும். குளிர் குறையுதுண்டா வருசா வருசம் கேஸ் நிரப்பிக்கிட்டே இருப்பாங்க. ஒழுக்கைத் தேடி அடைக்காம நிரப்புறது காசுக்கும் கேடு, காத்துக்கும் கேடு.

கம்பனி செலவு பண்றதுண்டா வருசம் ஒரு தரம் எல்லார் வீட்டு ஏசியையும் நல்ல ஆளை வைச்சு சேர்விஸ் பண்ணிக் குடுங்க. பில்டர் அடைச்சு இருந்தா கரண்டும் கூட இழுக்கும். புதுசு வாங்கிறவங்க ஆர்-32 கேஸ் உள்ள இன்வேட்டர் ஏசியா (தேவைக்கேத்த மாதிரி வேகம் குறைஞ்சு ஓடுறது) எடுக்கட்டும். வீடு மாறுறவங்க எனக்கு முன்னாடியே சொல்லட்டும்.

சுவிட்ச்போர்ட் (தெஹிவளை)

@குளிர்ப்பெட்டி இந்த இழையில வந்த ஆகப் பெறுமதியான பதிவு உங்களுடையது. நன்றி.

இனி ஒருத்தரும் தொடாத விசயம் ஒண்டு: நேரம். @அலைவரிசை, நீங்கள் எத்தினை மணிக்கு வேலை தொடங்கிறனீங்கள்?

அலைவரிசை (வெள்ளவத்தை)

கிளையன்ட் நேரத்துக்கு அண்ணை. கோடையில பின்னேரம் ஒண்டரையில இருந்து இரவு ஒன்பதரை. அங்க குளிர்காலத்தில ரெண்டரையில இருந்து பத்தரை.

சுவிட்ச்போர்ட் (தெஹிவளை)

நினைச்சன். மின்சாரக் கட்டணத்தில உச்ச நேரம் எண்டு வைச்சிருக்கிறது பின்னேரம் 6.30இல இருந்து இரவு 10.30 வரைக்கும். நீங்கள் குளிர்காலத்தில வேலை செய்யிற நேரத்தில சரி பாதி அதுக்குள்ள விழுது.

நாடு முழுக்க லைற் போட்டு, சமைச்சு, ரீவி பாக்கிற நேரம் அது. சூரியன் போயிடும். நீர் மின்சாரத்தை ஏத்துவினம், அது காணாது, களனிதிஸ்ஸ, கெரவலப்பிட்டிய, சப்புகஸ்கந்த எண்டு எண்ணெய் எரிக்கிற நிலையங்களை இழுப்பினம். ஆகச் செலவு கூடின, ஆக ஊத்தையான யூனிட் அந்த நேரத்து யூனிட்தான்.

பகலில கதை தலைகீழ். கூரைச் சோலார் அவ்வளவு கூடிட்டுது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு ஏறி முழு நாடும் இருண்டது ஞாபகம் இருக்கும். அண்டைக்கு மின்பாவனை குறைவு, சோலார் கூட, வலையமைப்பு அந்த அடியைத் தாங்கேல்ல. அடுத்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, கூரையில சோலார் வைச்சிருக்கிற ஆக்களைப் பகலில அணைச்சு வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டுது. வெயிலில வாற கரண்டை வேண்டாம் எண்டு சொல்லுற அதே நாட்டில, இரவுக்கு டீசல் எரியுது.

அப்ப உங்களிட்ட இருக்கிற ஆகப் பெரிய ஆயுதம் நேரத்தை முன்னுக்கு இழுக்கிறது. காலம ஒன்பதரையில இருந்து பின்னேரம் ஆறரை. கிளையன்ட்டோட பொது நேரமா கோடையில அஞ்சு மணித்தியாலம், குளிர்காலத்தில நாலு மணித்தியாலம் கிடைக்கும். கோல் எல்லாத்தையும் அதுக்குள்ள அடக்குங்கோ. தனிய இருந்து எழுதுற வேலை காலமைக்கு.

ஒண்டு மட்டும் சொல்லிவைக்கிறன்: இது உங்கட எக்செல் தாளில தெரியாது. தாள் வருச சராசரி எண்ணைத்தான் பெருக்கும். பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் அதுக்கு ஒண்டு. ஆனா புகைபோக்கிக்கு வித்தியாசம் தெரியும்.

பச்சைத்தேயிலை (ஹட்டன்)

நேரத்தை மாத்துறதுக்கு நான் ரெண்டு கையையும் தூக்குறேன். காபனுக்காக மட்டும் இல்ல. எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. நானும் இப்படி இரவு வேலை பாக்கிறவதான். பிள்ளை சாப்பிடுற நேரம், தூங்குற நேரம் எல்லாம் நான் ஹெட்செட் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆறரைக்கு வேலை முடிஞ்சா வீடே மாறிரும்.

எங்க பக்கம் ஏசியே தேவையில்ல, அதனால என் கணக்கு சின்னதா இருக்கும். ஆனா மின்சாரம் எங்க இருந்து வருதுண்டு தினமும் பாக்கிறவங்க நாங்க. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை தண்ணிதான் கீழ லக்சபான நிலையங்களுக்குப் போகுது. வரட்சி வந்தா மவுஸ்ஸாக்கலைல தண்ணி இறங்கி, அடியில கிடந்த பழைய கோயில் எல்லாம் வெளிய தெரியும். ஒரு யூனிட் மிச்சம் பிடிச்சா அந்த அளவு தண்ணி அங்கேயே நிக்கும், இன்னொரு நாளைக்கு எண்ணெய் எரியாம இருக்கும். இதைக் கொழும்புல இருக்கிறவங்க யோசிச்சுப் பாக்கணும்.

ரீஸ்டார்ட் (நுகேகொட)

சேர்வர் பக்கம் நான் சொல்கிறேன்.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பரீட்சார்த்த சேர்வர்கள் இரவும் பகலும் ஓடுகின்றனவா? ஒரு வாரத்தில் 168 மணித்தியாலம். நீங்கள் தொடுவது ஐம்பது சொச்சம். மீதி நேரம் தானாக அணைய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினால் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே குறையும், பில்லும் குறையும். இதற்குக் கூட்டம் கூட்டத் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.

அடுத்தது இடம். கிளவுட் (இணையவழி வாடகை சேர்வர்) எடுக்கும்போது இங்கிருந்து பக்கம் என்று மும்பையைத் தெரிவு செய்வது பழக்கம். இந்தியாவின் வலையமைப்பு இன்னும் பெரும்பாலும் நிலக்கரி. சுவீடனில் நீரும் அணுவும் காற்றும். பாவனையாளர்கள் ஐரோப்பாவில் என்றால் ஸ்டொக்ஹோமில் வைத்தாலும் அவர்களுக்குப் பக்கம்தான். தரவு எந்த நாட்டில் இருக்கலாம் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அமேசன், கூகிள், மைக்ரோசொப்ட் மூன்றும் உங்கள் கணக்குக்குரிய காபன் அளவைத் தங்கள் பக்கத்திலேயே காட்டுகின்றன.

லப்டொப் இதைவிடப் பெரிது. ஒரு லப்டொப்பின் வாழ்நாள் வெளியேற்றத்தில் பெரும்பகுதி அது தொழிற்சாலையை விட்டு வெளியே வருமுன்பே முடிந்துவிடுகிறது. உற்பத்தியாளர்கள் வெளியிடும் கணக்குகளில் மாதிரிக்கு ஏற்ப 200, 300 கிலோ என்று வரும். அதனால் மூன்று வருசத்தில் மாற்றுவதை ஆறு வருசம் ஆக்கினால் வருசக் கணக்கு பாதியாகும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பற்றரி மாற்ற, எஸ்எஸ்டி போட, ராம் கூட்ட, விசைப்பலகை மாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றபோது நல்ல நல்ல மெசின்களை எல்லாம் கழித்துவிட்டார்கள், பார்க்கவே மனம் பதைத்தது. அவற்றில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருசம் ஓடும். உங்கள் ஆட்கள் மென்பொருள்காரர்கள், அவர்களுக்கு இது கஷ்டமில்லை.

தாள்_எண்ணி (கொட்டாஞ்சேனை)

நான் கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. விமானம்.

அலைவரிசை (வெள்ளவத்தை)

மன்னிக்கவும் அக்கா, இப்ப கேட்டுக்கொண்டு வாறன். வருசத்தில ரெண்டு தரம் போறார். பிஸ்னஸ் வகுப்பு.

தாள்_எண்ணி (கொட்டாஞ்சேனை)

அப்படியென்றால் உங்கள் தாளில் ஆகப் பெரிய வரி அதுதான். மற்ற எல்லாவற்றையும் விட.

கொழும்பிலிருந்து லண்டன் ஒரு பக்கம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். பிரித்தானிய அரசின் கணக்கீட்டு எண்களைப் பாவித்து, உயரத்தில் நடக்கும் மேலதிக வெப்பத் தாக்கத்தையும் சேர்த்தால், சாதாரண இருக்கையில் போய் வரவே இரண்டு தொன்னைத் தாண்டும். பிஸ்னஸ் வகுப்பு ஆசனம் பிடிக்கும் இடத்துக்காக அதைக் கிட்டத்தட்ட மூன்றால் பெருக்குவார்கள். ஒரே ஒரு பயணம், உங்கள் பதினாலு லப்டொப்பையும் புதிதாகச் செய்வதற்கு வெளியேறியதை விடக் கூட. அப்படி இரண்டு.

யாழ்ப்பாணத்துத் தம்பியின் ஏசியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். அவருடைய ஏசி வருசம் முழுக்க ஓடினாலும் அந்த ஒரு பயணத்தில் ஏழில் ஒரு பங்கு வராது. குறைக்கும் வேலை மேலிருந்து தொடங்க வேண்டும். முதலாளி ஒரு பயணத்தை விட்டு, மற்றதைச் சாதாரண இருக்கையில் போய், அங்கே கூடுதலாக ஒரு வாரம் நின்று எல்லா வேலையையும் முடித்து வரட்டும். அதற்குப் பிறகு மற்றவர்களிடம் எதைக் கேட்டாலும் முகம் கொடுத்துக் கேட்கலாம்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

அவர் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் மரம் நட்டு ஈடு கட்டலாம்தானே? எங்கட வாவிக்கரையில கண்டல் நடுற ஆக்கள் இருக்கினம். கண்டல் நிலம் காபனை நிறையப் பிடிச்சு வைக்கும் என்று படிச்சிருக்கிறேன். கம்பனிகள் காசு கொடுத்தா சனத்துக்கும் தொழில்.

மொறட்டுவை_மாணவன்

கண்டலைப் பற்றி எங்களுக்குப் பாடத்தில் வந்தது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நிறைய இடத்தில் நட்டார்கள். அதில் 23 இடங்களை நேரில் போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. நட முயன்றது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். தப்பினது 200, 220 ஹெக்டேயர்தான். ஒன்பது இடத்தில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணி மட்டம் பொருந்தாத இடத்தில், அந்த இடத்துக்கு ஒத்துவராத இனத்தை நட்டுவிட்டு, பிறகு போய்ப் பார்க்கவே இல்லை. மாடும் தின்றிருக்கிறது.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

உண்மைதான் தம்பி. நட்ட அன்று படம் எடுக்க நிறையப் பேர் வருவினம். அடுத்த வருசம் கரையில பெனர் கட்டின தடி மட்டும் நிக்கும். நான் கண்ணால கண்டது.

ஆனா அதுக்காகக் கண்டலை விட்டுவிட வேண்டாம். இருக்கிற கண்டலை வெட்டாமல் காக்கிற ஆக்களுக்கும், மூன்று நாலு வருசம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற உள்ளூர் சங்கங்களுக்கும் காசு கொடுக்கலாம். கொடை என்று கொடுங்கள். விமானத்துக்கு ஈடு என்று தாளில் எழுதாதீர்கள்.

தாள்_எண்ணி (கொட்டாஞ்சேனை)

@வாவிக்கரை முழுமையாக உடன்படுகிறேன். கழித்து எழுதினால் கணக்கு கெடும். கொடையாகத் தனி வரியில் போடலாம்.

அலைவரிசை (வெள்ளவத்தை)

முதலாளியோட கதைச்சிட்டன். இந்த இழையை அப்பிடியே வாசிக்கக் குடுத்தனான். லண்டன் பயணம் வருசத்துக்கு ஒண்டு, சாதாரண இருக்கை. சம்மதிச்சிட்டார். மிஞ்சிற ரிக்கற் காசில யாழ்ப்பாணத்து ரெண்டு பிள்ளைகளின்ர அறைக்கு சீலிங்கும், கேட்ட எல்லாருக்கும் பிஎல்டிசி ஃபேனும். அந்த ஃபேன் முப்பது வாற்றுச் சொச்சம்தான் இழுக்கும், பழையது அறுபது எழுபது. ஏசி வைச்சிருக்கிற ஆக்களுக்கு வருச சேர்விஸ் கம்பனி செலவு. @குளிர்ப்பெட்டி அண்ணா, தனிமடலில வாறன்.

வேலை நேரத்தை கிளையன்ட்டிட்ட கேட்டுப் பாத்தம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள் ஆறரையோட முடிக்க அவைக்கு ஆட்சேபனை இல்லை. இவ்வளவு நாளும் நாங்கள் கேக்கேல்ல, அவையும் சொல்லேல்ல. பரீட்சார்த்த சேர்வர் நேற்று இரவில இருந்து தானா அணையுது.

இன்னும் முடிவில்லாத ஒண்டு: கரண்ட் கட் வந்தா என்ன செய்யிறது? ரெண்டு பேர் வீட்டில சின்னப் பெற்றோல் ஜெனரேட்டர் வைச்சிருக்கினம், 2022இல வாங்கினது. இன்னும் மூண்டு பேர் வாங்கித் தரச் சொல்லிக் கேக்கினம்.

சுவிட்ச்போர்ட் (தெஹிவளை)

வாங்கிக் குடுக்காதேங்கோ. சின்னப் பெற்றோல் ஜெனரேட்டர் ஒரு லீற்றருக்கு ரெண்டு யூனிட் தந்தாலே பெரிய காரியம். யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல போகும், நுரைச்சோலை நிலக்கரி யூனிட்டை விட மோசம். சத்தம், புகை வேற. பக்கத்து வீட்டில முதியவர் இருந்தா பாவம்.

லப்டொப்புக்குத் தன்ர பற்றரி இருக்கு. தேவை ரவுட்டருக்கும் ஃபேனுக்கும்தான். ரவுட்டருக்கு 12 வோல்ற் சின்ன யூபிஎஸ் விக்குது, பைபர் பெட்டி பத்துப் பதினைஞ்சு வாற்றுத்தான் இழுக்கும், சில மணித்தியாலம் தாங்கும். அதோட சார்ஜ் பண்ணுற மேசை ஃபேன் ஒண்டு. அதுக்கு மேல வேணும் எண்டா லிதியம் பற்றரியோட சின்ன இன்வேட்டர். அதைப் பகலில சார்ஜ் பண்ண வையுங்கோ, பின்னேரம் உச்ச நேரத்தில பாவிக்க வையுங்கோ. கட் இல்லாத நாளிலயும் பிரயோசனம்.

இருக்கிற ரெண்டு ஜெனரேட்டரும் ஓடின மணித்தியாலத்தை எழுதச் சொல்லுங்கோ. அதையும் தாளில சேருங்கோ. அடிப்படை வருசம் எண்டு, அதாவது இனி வாற வருசங்களை ஒப்பிட எண்டு, நீங்கள் எடுக்கப்போற வருசத்துக்கு, பிஸ்னஸ் வகுப்புப் பயணம் ரெண்டையும் விடாமல் எழுதவேணும்.

தாள்_எண்ணி (கொட்டாஞ்சேனை)

அடிப்படை வருசமாக 2022ஐ எடுக்க வேண்டாம், அந்த வருசம் எதுவுமே வழமையாக நடக்கவில்லை. கடைசியாக முடிந்த நிதியாண்டை எடுங்கள், ஏப்ரல் முதல் மார்ச் வரை. கேள்விக்கொத்து தயாரானதும் இங்கே போடுங்கள் தங்கச்சி, நான் பார்த்துத் தருகிறேன்.